லிப்ட் சித்தப்பாவும் சாம்பல் வட்டமும்

விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் மடிக்கணினியின் மூடியைத் திறப்பார், உள்ளே யாரோ துணி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது போல. திறந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி வேஸ்ட் வெளியே வரும். மெஷின்களைத் துடைக்கிற, நூல் நூலாய்ப் பிரிந்து கிடக்கும் கழிவுப் பஞ்சு. அதைக் கொண்டு திரையைத் துடைப்பார். துடைப்பதற்கு முன் திரையில் தூசி மட்டும் இருக்கும். துடைத்த பின் தூசியும் எண்ணெயும் இருக்கும்.

"இப்பப் பாரு வாலு, கண்ணாடி மாதிரி."

கண்ணாடி மாதிரிதான் இருக்கும், அடுப்புக்கு நேர் எதிரே மாட்டிய கண்ணாடி. வாலு என்பது நான். வீட்டில் வைத்த பெயர் வேறு. நடத்தையைப் பார்த்து வைத்த பெயர் இது.

இவர் என் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகளுக்கு இவர்தான் வைத்தியர். குட்டையான உடம்பு, அகலமான தோள், இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. ஆள் வருவதற்கு முன்பே சாவிச் சத்தம் வந்து சேர்ந்துவிடும் என்பதால் இவருக்குத் தெரியாமல் குறும்பு செய்வது சுலபம். லீவு நாளில் லிப்டில் ஏற மாட்டார். "டாக்டர் லீவு நாள்ல தனக்குத் தானே ஊசி போட்டுக்குவாரா?" என்று கேட்டுவிட்டுப் படியேறுவார். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் நின்று லிப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார். லீவாம்.

எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் தனியாக இருக்கிறார். தனியாக என்றால் அவரும் கிரீஸும். கிரீஸ் ஒரு பூனை. பல வருஷம் முன்னால் ஒரு கட்டடத்தில், லிப்ட் கீழே இறங்கும்போதெல்லாம் யாரோ அழுகிறார்கள் என்று புகார். குடித்தனக்காரர்கள் பேய் என்று முடிவு கட்டிப் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். பலருக்கு உடம்பு இளைத்தது. சித்தப்பா லிப்டை மேலே நிறுத்திவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேய் உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு. ஸ்பேனர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சித்தி சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள், கறுப்பு போகவில்லை. தலை துவட்டிய பிறகுதான் தெரிந்தது, ஆளே கறுப்புதான்.

அன்றிலிருந்து அவன் சித்திக்கு "எம் பையன்". சித்தப்பாவின் சாவிச் சத்தம் படியில் கேட்டதும், "கிரீஸு, அப்பா வந்தாச்சு பாரு" என்பாள். அவனும் போய்க் கதவடியில் உட்காருவான். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சித்தப்பா "கிரீஸ் அப்பா" ஆகிவிட்டார். வேறு பிள்ளை அவர்களுக்கு இல்லை. சித்தி இறந்து சில வருஷம் ஆகிறது. சாவிச் சத்தம் கேட்டால் கிரீஸ் இன்னும் கதவடிக்குப் போகிறான். சொல்லத்தான் ஆள் இல்லை.

லிப்ட் நடுவழியில் நின்று யாராவது மாட்டிக்கொண்டால் சித்தப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை நானும் பின்னாலேயே போனேன், படிக்க வேண்டிய நேரத்தில் செய்ய வேறு வேலை இல்லாததால். உள்ளே ஒரு அம்மாள் கதவை உடைக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தார். வெளியே காவலாளியும் மானேஜரும் இன்னும் நாலு பேரும் ஒரே குரலில் "பயப்படாதீங்க" என்று கத்தி அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா எல்லோரையும் விலக்கிவிட்டு, முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான்தான்! கதவைத் தெறங்க!"

"தெறக்கறேம்மா. அதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பாவோட அம்மா பேரு என்ன?"

உள்ளே சத்தம் நின்றது. "என்னது?"

"அப்பாவைப் பெத்தவங்க. பேரு."

கொஞ்சம் தயங்கி, பேர் வந்தது.

"நல்ல பேரு. அவங்களைப் பெத்தவங்க?"

"ஐயோ, அது தெரியலையே... இருங்க, எங்க அத்தை அடிக்கடி சொல்லுவாங்க... நாக்கு நுனியில நிக்குது..."

நாக்கு நுனியில் அது நின்றுகொண்டிருந்தபோதே சித்தப்பா மேலே போய் மெஷினைக் கையால் சுற்றி லிப்டை இறக்கிவிட்டார். கதவு திறந்தது. அந்த அம்மாள் வெளியே வந்தும் நெற்றியைத் தட்டிக்கொண்டுதான் நின்றார். மாட்டிக்கொண்டதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வேலை முடிந்து மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டி, "யாராச்சும் உள்ள இருக்கீங்களா?" என்று கேட்பது இவர் வழக்கம். லிப்ட் கண் எதிரே காலியாக நின்றாலும் கேட்பார். மானேஜர் சிரிப்பார். "கேட்டா என்ன குறைஞ்சிடப் போவுது சார்? கேக்காம விட்டு ஒருத்தர் இருந்துட்டா?" என்பார் இவர்.

குடும்ப மரப் பைத்தியம் பிடித்ததும் இந்தக் கதவு வழியாகத்தான். ஒரு நாள் மாட்டிக்கொண்ட ஆசாமி கொஞ்சம் வாய்க்காரர். உள்ளேயிருந்தே திருப்பிக் கேட்டார்: "எங்க வீட்டுக் கதை இருக்கட்டும். உங்க அப்பாவோட பாட்டி பேரைச் சொல்லுங்க பாப்போம்." சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சித்தி சிரிக்கவில்லை. "எனக்கும் எங்க வீட்டுல தெரியாதே" என்று அப்போதே போனை எடுத்திருக்கிறாள்.

இணையத்தில் இதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. பேரும் பிறந்த வருஷமும் கொடுத்தால் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்துக் கொடுக்கும். தட்டச்சு சித்தப்பா, தொலைபேசி சித்தி. ஒற்றை விரலால் இவர் ஒரு பேரைத் தட்டி முடிப்பதற்குள் அவள் நாலு பேரைக் கொண்டுவந்துவிடுவாள். கல்யாணத்துக்குச் சொல்லவில்லை என்று காலம் காலமாகப் பேசாமல் இருந்த சொந்தங்களையும் அவள் விடவில்லை. "நான்தான் பேசறேன். கோவமா இருப்பீங்கன்னு தெரியும், அது அப்படியே இருக்கட்டும். உங்க அம்மா பொறந்த வருஷத்தை மட்டும் சொல்லுங்க." சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு மேலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். சிலர் பெண்களை "இன்னாரோட சம்சாரம்" என்று சொல்லிப் போனை வைக்கப் பார்ப்பார்கள். அது மட்டும் அவளிடம் நடக்காது. "சம்சாரம்னு ஒரு பேரா? பெத்தவங்க அவங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?" அந்த மரத்தில் பேரில்லாத பெண் ஒருத்தி கிடையாது. பாதி மரம் சித்தியின் காது வழியாக வந்தது.

பழைய தளத்தின் அழகு எனக்குப் புரிந்ததில்லை. வெள்ளைத் திரை, கறுப்புக் கட்டம், நேர் கோடு. வங்கியில் கொடுக்கிற படிவத்துக்கே அதைவிடக் கொஞ்சம் கவர்ச்சி உண்டு. ஆனால் சித்தப்பாவுக்கு அது கட்டட வரைபடம். தலைமுறைகளை மாடிக் கணக்கில்தான் சொல்வார். எங்கள் தாத்தா மூன்றாவது மாடி, அப்பாவும் இவரும் பெரிய அத்தையும் இரண்டாவது மாடி, நான் முதல் மாடி. "தரைத்தளம் உங்க புள்ளைங்களுக்கு. அட்வான்ஸ் எல்லாம் வேணாம்." இரண்டாவது மாடியில் இவர் கட்டமும் சித்தி கட்டமும் பக்கத்தில் பக்கத்தில். நடுவே ஒரு சின்னக் கோடு. சித்தியின் படம், லிப்டுக்குள் இருக்கும் கண்ணாடியில் எடுத்தது. சிரிப்பை மறைக்கக் கையைத் தூக்குகிறாள், கை வாய்க்கு வந்து சேரவில்லை.

அந்த மரத்தில் நான் ஒரு முறை கை வைத்தேன். எங்கள் காவலாளியின் நாயை அப்பாவுக்கு அண்ணனாகச் சேர்த்தேன். படத்தோடு. நாய்க்கு அப்பாவின் சாயல் கொஞ்சம் இருந்ததும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பார்த்தார். கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இந்தப் பெரியவரைப் பெத்தவங்க யாரு?"

"தெரியல சித்தப்பா."

"யாரு வளத்தாங்க?"

"காவல்கார அண்ணன்."

"அப்ப அவரு வீட்டு மரத்துல ஏத்து. நம்ம வீட்டுல யாரும் வளக்காத ஆளை வெளையாட்டுக்குக் கூட ஏத்தக் கூடாது வாலு. ஓவர்லோடு ஆயிடும். இருக்கறவங்களுக்கு எடம் பத்தாது."

நானே அழித்தேன். அப்பா விஷயம் தெரிந்து சித்தப்பாவிடம், "இருந்துட்டுப் போகட்டுமேடா, எனக்கு ஒரு அண்ணன் வேணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தட்டினார், திறந்தார், துடைத்தார். துடைத்த கை பாதித் திரையில் நின்றது.

"அடப்பாவிங்களா. கட்டடத்தையே இடிச்சிட்டாங்க."

தளம் புதுத் தோற்றம் போட்டுக்கொண்டிருந்தது. கட்டங்கள் போய் வட்டங்கள். நேர்க் கோடுகள் போய்க் கொடி மாதிரி வளைந்து வளைந்து ஓடும் பச்சைக் கோடுகள். மேலே கொட்டை எழுத்தில் "உங்கள் வேர்களைக் கொண்டாடுங்கள்!" எதைத் தொட்டாலும் மரம் வழுக்கிக்கொண்டு எங்கேயோ பறந்தது. தாத்தாவைத் தேடி ஓட்டினால் அம்மா வழியில் யாரோ ஒன்றுவிட்ட மாமா மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார். "சேமிக்கவும்" என்ற பட்டன் வழக்கமான வலது மூலையில் இல்லை. மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தது. அன்று எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பிறந்தநாள் போலிருக்கிறது. திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டி, "வாழ்த்து அனுப்ப மறவாதீர்கள்!" என்றது.

"எங்க அனுப்பறது?" என்றார் சித்தப்பா. "விலாசம் குடுத்தா நல்லா இருக்கும்."

பட்டனை இடம் மாற்றியதில் வந்த கோபம் அவருக்குச் சாதாரணமானதல்ல, தொழில் கோபம். ஒரு கட்டடத்தில் பழைய லிப்டுக்குப் புதுப் பட்டன் பலகை மாட்டச் சொன்னார்கள். பட்டன்களை அழகாக ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். சித்தப்பா ஒரு வேலை நாளைத் தியாகம் செய்து வீடு வீடாகப் போய், "எந்தக் கையால அமுக்கறீங்க? பாத்து அமுக்கறீங்களா, பாக்காமலா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மேல் மாடியில் கண் தெரியாத ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். பலகை புதுசாக வந்தது, பளபளவென்று. பட்டன்கள் மட்டும் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. முதலாளி முகம் சுளித்தார். "வேணும்னா முதலாளி, உங்க முகம் தெரியற மாதிரி ஓரத்துல நல்லாப் பாலிஷ் போட்டுத் தரேன்" என்றாராம் இவர்.

ஆனால் கொடியும் பட்டனும் கலர் காகிதமும் எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது இரண்டாவது மாடியில் இருந்தது. தாத்தாவுக்குக் கீழே பெரிய அத்தை இருந்தாள், அப்பா இருந்தார். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற வட்டம். முகம் இல்லை, பேர் இல்லை. நடுவில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் 2.

புதுத் தோற்றத்தில், பிறந்த வருஷக் கணக்குப்படி பெரியவர்களாகியும் பிள்ளை இல்லாதவர்களை எல்லாம் மடித்து வைத்திருந்தார்கள். மரம் பார்ப்பதற்கு எளிமையாக இருக்குமாம். அந்த இரண்டு, சித்தப்பாவும் சித்தியும். வட்டத்தை அமுக்கினால் இரண்டு பேர்கள் பொடி எழுத்தில் எட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டன, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட மாதிரி.

"நீங்க கட்டின மரத்துல உங்களுக்கே எடமில்ல சித்தப்பா" என்று நான் சிரித்தேன்.

"நான் வெளியதான வாலு நிக்கறேன். எனக்கென்ன?" என்றார். முட்டியால் அந்தச் சாம்பல் வட்டத்தின் மேல் லேசாகத் தட்டினார். "அவ உள்ள இருக்கா."

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

இந்தச் சமயத்தில் பெரிய அத்தை வருவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. கடல் கடந்து இருப்பவள். சித்தியும் அவளும் போனிலேயே வளர்த்த சிநேகம். சித்தி இறந்தபோது உடம்பு சரியில்லாமல் அத்தையால் வர முடியவில்லை. மரத்தை அவள் பார்த்ததே இல்லை. "நேர்ல வாங்க அண்ணி, அப்பதான் காட்டுவேன். உங்களை ரெண்டாவது மாடியில காத்து வர்ற பக்கமா உக்கார வெச்சிருக்கேன்" என்று சித்தி போனில் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். வருகிற ஞாயிறு, டீவியில் மரத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்ட வேண்டும். அத்தை முதலில் தேடப் போவது யாரை என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ஒரு கூட்டல் குறியைக் காட்டுவதா?

சித்தப்பா புகார் எழுதினார். லிப்ட் புகார் எழுதித்தான் அவருக்குப் பழக்கம் என்பதால் தளத்துக்கும் அதே பாணி. "கோளாறு: ஆட்கள் தெரியவில்லை. இடம்: இரண்டாவது மாடி. உள்ளே இருப்பவர்: ஒருவர். அவசரம்." பதில் உடனே வந்தது. சிரிக்கிற பூ ஒன்று திரையின் ஓரத்தில் ஆடியபடி, "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்!" என்றது. சித்தப்பா, "நன்றிம்மா. எப்ப ஆள் அனுப்புவீங்க?" என்று தட்டினார். பூ, "புதிய தோற்றத்தின் பத்து சிறப்புகளை அறிய வேண்டுமா?" என்று கேட்டது.

"சித்தப்பா, அது மனுஷி இல்ல. மிஷின்."

"இருக்கட்டுமே. நானும் பொழுது விடிஞ்சா மிஷின்கிட்டதான பேசறேன். மரியாதையாக் கேட்டா சில மிஷின் நகரும்."

நகர்ந்தது. சிரிக்கிற பூவோடு இவர் விடாமல் மரியாதையாகப் பேசப் பேச, பொறுமை போய் அது கடைசியில் இவரை ஒரு நிஜ மனுஷியிடம் தள்ளிவிட்டது. உதவிப் பிரிவுப் பெண். எல்லாம் படித்துவிட்டு அவள் எழுதினாள்: "ஐயா, மடித்து வைத்ததைத் திறக்கும் வசதி பிறகு வரும். எப்போது என்று எனக்கே தெரியாது. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டு மரத்தில் நானும் வட்டத்துக்குள்தான் இருக்கிறேன்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அவசரமே இல்லாமல் பதில் தட்டினார். "கவலைப்படாதீங்கம்மா. காத்து நல்லா வருதா? பதட்டப்படாம இருங்க. உங்க அப்பாவோட அம்மா பேரு என்ன?"

அந்தப் பெண் சிரிக்கிற பூ ஒன்றை அனுப்பினாள். இந்தப் பூ நிஜமாகவே சிரித்தது.

தளத்தில் புகார்க்காரர்கள் கூடுகிற ஒரு பக்கமும் இருந்தது. ஜனம் அங்கே கொந்தளித்துக்கொண்டிருந்தது. எழுத்து சின்னதாகிவிட்டது, பச்சை கண்ணைக் குத்துகிறது என்பவர்கள் ஒரு பக்கம். "எங்களை எல்லாம் தூக்கி வளர்த்த பெரியம்மா இப்போது கூட்டல் ஒன்று" என்று ஒருத்தர். "நாலு வயதில் போன என் இரட்டைப் பிறவியைக் காணவில்லை" என்று ஒரு கிழவர். சித்தப்பா ஒருவர் விடாமல் பதில் போட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்: "பார்த்தேன். உள்ளேதான் இருக்கிறார்கள். சொல்லியிருக்கிறேன்." அந்தப் பக்கத்தில் கொஞ்ச நாளில் கூச்சல் குறைந்தது. தங்கள் வீட்டு மடித்த ஆட்களைப் பற்றி ஒருவருக்கொருவர் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மெக்கானிக் வந்துவிட்டார் என்று தெரிந்தால் லிப்டுக்குள் இருப்பவர்கள் செய்வதும் இதுதான்.

உதவிப் பிரிவுப் பெண் ஒரு வழியும் சொல்லியிருந்தாள். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் வட்டம் தானே திறந்துகொள்ளும். அப்பா துள்ளிக் குதித்தார்.

"அவ்ளோதானடா? ஒரு பேரைத் தட்டி விடு. யாரு வந்து பாக்கப் போறா?"

"முடியாதுண்ணே."

"ஒரு நாளைக்குத்தானடா. அக்கா பாத்துட்டுப் போனதும் எடுத்துடு."

"இல்லாத புள்ளையக் காட்டித்தான் இருந்தவள வெளிய கொண்டாரணுமா? அவளே ஒத்துக்க மாட்டா. எத்தனை பேருகிட்ட, நெஜத்த மட்டும் சொல்லுங்கன்னு கேட்டு வாங்கினா." சித்தப்பா குரல் உயரவில்லை. "அதுவும் நாங்க... புள்ளைக்குன்னு பேரு ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தோம்ணே. அதப் போயி இதுக்கா போடறது?"

அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, காபி வேண்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா வேலைக்குப் போன பிறகு நான் மேல் வீட்டுக்குப் போனேன். மூடின மடிக்கணினியின் மேல் கிரீஸ் படுத்திருந்தான். சூட்டுக்கு அவனுக்குப் பிடித்த இடம். அவனைத் தூக்கி ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். கறுப்புப் பூனையைப் படம் எடுப்பது கஷ்டம், எப்படி எடுத்தாலும் இரண்டு கண்ணும் ஒரு கோபமும்தான் விழும். பிறகு சாம்பல் வட்டத்தைத் திறந்து, அது மூடிக்கொள்வதற்குள் "பிள்ளையைச் சேர்க்கவும்" என்பதை அமுக்கினேன். தளம் கேட்டதற்கெல்லாம் பதில் போட்டேன். வட்டம் விரிந்தது. அவசரமாக மூடிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தை வந்து மேல் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். முழங்கால் வலி, மூச்சு வாங்கல், கையில் ஒரு பெரிய பை, பையில் எல்லோருக்கும் அளவு தப்பிய ஸ்வெட்டர்கள். கிரீஸ் அந்தப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு அதற்குள்ளேயே படுத்துக்கொண்டான். அப்பா டீவிக்கு ஒயர் இழுத்தார். சித்தப்பா காலையிலிருந்தே அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தளத்துல இப்ப ஒரு கோளாறு. ரெண்டாவது மாடியில..."

"நீ முதல்ல தெறடா. அவ என்னைக் காத்து வர்ற பக்கம் உக்கார வெச்சிருக்காளான்னு நான் பாக்கணும்."

இரண்டு தட்டு. வேஸ்ட். தளத்தைத் திறந்தார்.

மரம் டீவி முழுக்க விரிந்தது. தாத்தா, பாட்டி, பச்சைக் கொடி. கீழே அத்தை, அப்பா, அப்புறம் சித்தப்பா. அவர் பக்கத்தில் சித்தி, கை வாய்க்கு வந்து சேராத அதே சிரிப்பு, சுவர் அளவுக்கு. அவர்கள் இருவருக்கும் கீழே ஒரு கோடு இறங்கி, ஒரு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு கோபமும். கிரீஸ். மகன்.

முதலில் வாயைத் திறந்தது அப்பாதான்.

"டேய், உம் புள்ள பொறக்கும்போதே மீசையோட பொறந்திருக்கான்டா."

"மூஞ்சியப் பாரு, அப்படியே நம்ம அப்பா" என்றாள் அத்தை. "காலங்காத்தால காபி ஆறிப்போனா இப்படித்தான் முறைப்பாரு." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் சித்தியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்துட்டேன்டி" என்றாள் படத்தைப் பார்த்து. "நேர்ல வந்துட்டேன்."

சித்தப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. டீவியைப் பார்க்கவில்லை, மடிக்கணினியின் சின்னத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக் கொத்து கூடச் சத்தம் போடவில்லை. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"வாலு."

"சித்தப்பா."

"இங்க வா."

போனேன். நாயை அழிக்க வைத்த அதே நாற்காலி. சித்தப்பா கிரீஸின் வட்டத்தை அமுக்கினார். நான் எழுதிய விவரமெல்லாம் வரிசையாக வந்தது. ஓரத்தில் சிவப்பாக "நீக்கவும்". அம்புக்குறி அதை நோக்கி நகர்ந்தது. அப்பா இருமினார். "டேய், விடுடா, சின்னப் பொண்ணு ஏதோ..."

"பேசாம இருண்ணே."

அம்புக்குறி சிவப்பைத் தாண்டியது. கீழே இறங்கி, "பிறந்த இடம்" என்ற வரியில் போய் நின்றது. அங்கே நான் "வீடு" என்று போட்டிருந்தேன். சித்தப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு அதை எழுத்து எழுத்தாக அழித்தார். பிறகு ஒற்றை விரலைத் தூக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "லிப்ட் குழி" என்று தட்டினார்.